உயரம் ஏறாத பிள்ளைக்கு எந்த மரபணுச் சோதனை முதலில்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டப் பக்கம், பிள்ளை உயரம் ஏறவில்லை என்றால் "தாத்தா வாகு" என்று விட்டுவிடுவார்கள். பல வீடுகளில் அது சரிதான். ஆனால் என் அக்கா மகள் ஒன்பது வயதில் ஆறு வயதுத் தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை. தைராய்டும், இடக்கை எக்ஸ்ரேயில் எலும்பு வயதும் பார்த்த பிறகு, மரபணுச் சோதனை என்ற பேச்சு வந்தது.

முதலாவது கேரியோடைப். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பது. பழைய முறைதான், ஆனாலும் காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் பெண் பிள்ளைக்கு நான் இதைத்தான் முதலில் கேட்பேன். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு டர்னர் நோய்க்குறி இருக்கிறது, அதாவது ஓர் எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பது. முகத்தைப் பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. எங்கள் பிள்ளைக்கும் அதுதான். உயரத்துக்காகப் போன இடத்தில் இதயம், சிறுநீரகம், காது மூன்றையும் பார்த்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி அதன் பிறகு. இந்தச் சோதனைக்கு உயிருள்ள செல்கள் வேண்டும், அதனால் இரத்தம் ஆய்வகத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அடுத்தது மைக்ரோஅரே. குரோமோசோம்களில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று சில்லு வைத்துப் பார்க்கும் இது, நுண்ணோக்கிக்குத் தெரியாத சிறு இழப்புகளையும் காட்டும். முன்கை குட்டையாக இருந்தால், குடும்பத்திலும் அப்படி இருந்தால், எலும்பு வளர்ச்சிக்கு உதவும் ஷாக்ஸ் மரபணு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க இது பொருந்தும். ஆனால் டி.என்.ஏ.வில் ஓரெழுத்து மட்டும் மாறிய பிழை இதில் தெரியாது. குட்டை உயரத்தோடு இதயக் குறையும் வரக்கூடிய நூனான் நோய்க்குறிக்குப் பெரும்பாலும் அந்த மாதிரிப் பிழைதான் காரணம். இதயக் குறையோடு கண்கள் அகன்றிருந்தால் தொடர்புடைய பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கும் மரபணுப் பேனல்தான் கைகொடுக்கும்.

கடைசியாக எக்ஸோம், எல்லா மரபணுக்களிலும் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் சோதனை. இது எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்பார்கள். அப்படியில்லை. பிறக்கும்போதே சிறிதாக இருந்து மெதுவாக வளரும் சில்வர்-ரஸல் நோய்க்குறியில் பலருக்கு எழுத்து மாறுவதில்லை, அதன்மேல் இருந்து மரபணுவின் வேலையைக் கட்டுப்படுத்தும் மெத்தில் என்ற வேதிக் குறிதான் மாறுகிறது. அதற்குத் தனிச் சோதனை. பொருள் விளங்காத முடிவுகளும் எக்ஸோமில் வரும், பெற்றோர் இரத்தமும் சேர்ந்தால் அவை குறையும். ஆனாலும் மற்றதெல்லாம் கைவிட்ட, மிகக் குட்டையான பிள்ளைக்கு இதை விடக்கூடாது. உடல் வளர்ச்சி ஹார்மோனை ஏற்காத லாரன் நோய்க்குறி என்று தெரிந்தால் அந்த ஹார்மோன் பயன்படாது, அது உடலில் தூண்டிவிடும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளின் ஊசிதான். குரோமோசோம்கள் எளிதில் உடையும் புளூம் நோய்க்குறி என்றால் புற்றுநோய் அச்சத்தால் ஹார்மோனையே தவிர்ப்பார்கள். ஊசி தொடங்குமுன் இது தெரிய வேண்டும்.