வீல்சேர் ஜாய்ஸ்டிக் மாற்றப் போய் 850 ரிங்கிட் போச்சு: கே.எல். நண்பர்கள் கவனம்

"அண்ணே, இனிமே இந்த நம்பருக்கு மெசேஜ் போடாதீங்க." நேற்று ராத்திரி கடையிலிருந்து வந்த கடைசி பதில் இதுதான். 850 ரிங்கிட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொல்கிற பேச்சு. கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றால் அது அடங்குவதாகத் தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. கோலாலம்பூரில் நோயாளிக் கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், வாக்கர், வீல்சேர் எல்லாம் விற்று, "பழுதும் பார்க்கப்படும்" என்று முகநூலில் தமிழிலேயே விளம்பரம் போடும் ரகம். நம் பக்கம் இப்படிப்பட்ட கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

நான் செந்தூலில் ஃபிளாட்டில் இருக்கிறேன். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து மின்சார வீல்சேர்தான். போன மாதம் லிஃப்ட் கதவில், நாற்காலியை ஓட்டக் கையால் தள்ளும் ஜாய்ஸ்டிக்கின் கேபிள் மாட்டி இழுபட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. கேபிளை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். நின்றால் மோட்டாரில் இருக்கிற பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வதுதான் அந்தப் பிரேக்கின் வேலை. மேட்டில் அது உயிரைக் காப்பாற்றும். ஜாலான் ஈப்போவைக் கடக்கும்போது நடு ரோட்டில் பிடித்துக்கொண்டால்? பின்னால் இருக்கும் இரண்டு பிரேக் லிவரையும் யாராவது குனிந்து விடுவித்துத்தான் தள்ள வேண்டும். கார்க்காரன் ஹார்ன் அடிப்பானே தவிர லிவரைத் தேடமாட்டான்.

என் வீல்சேரில் இருப்பது ஷார்க் என்கிற கண்ட்ரோலர். கைப்பக்கம் ஜாய்ஸ்டிக் பெட்டி, சீட்டுக்கு அடியில் பவர் மாட்யூல். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பது அடியில் இருப்பது. மேலே இருப்பது "இந்தப் பக்கம், இவ்வளவு வேகம்" என்று அதற்குச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள், அதிலேயே மின்சாரமும் தகவலும் போகும்.

கடையில் இருந்த பையனை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே போனதும் என் கால்மிதி ஒரு பக்கம் இறங்கியிருப்பதைக் கேட்காமலே கவனித்து, மண்டியிட்டுச் சரிசெய்தான். பத்து வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், அப்படிக் கவனித்த கடைக்காரர்கள் குறைவு. அப்புறம் ஒரு ஜாய்ஸ்டிக் பெட்டியை எடுத்து வந்து, அதன் பிளக்கையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். "பாருங்கண்ணே, அச்சு அசல் ஒண்ணுதான். கன்ஃபார்ம் ஓடும், கேரண்டி." பெட்டி 700, புரோகிராமிங் 150. மொத்தம் 850. கியூஆரில் ஸ்கேன் செய்து அங்கேயே கட்டினேன்.

பிளக் உள்ளே போனது உண்மை. ஆன் செய்தால் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. எண்ணிப் பார்த்தேன், 11. "பேட்டரி வீக், ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். சார்ஜ் போட்டேன், மறுநாளும் 11. ஷார்க் கையேட்டைத் தேடிப் படித்தால், பேட்டரிக் கோளாறுக்கு 2 முறைதான் மின்னும். 11 என்றால் இந்த ஜாய்ஸ்டிக் பெட்டி இந்தப் பவர் மாட்யூலுக்கு ஒத்துவராதது என்று அர்த்தம். வீல்சேர் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி வகையாக வாங்கிப் பொருத்துகிறார்கள், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே வகையாக இருக்க வேண்டும். எந்தப் போனிலும் சிம் கார்டு நுழையும், வேறு கம்பெனிக்கென்று லாக் போட்ட போனில் லைன் வராது, அதே கதைதான்.

சரி, அந்த 150 எதற்கு? புரோகிராம் செய்ய அதற்கென்று தனிக் கருவியோ, லேப்டாப்போ சொருக வேண்டும். என் வீல்சேரில் யாரும் எதையும் சொருகவே இல்லை!

திரும்பப் போனதும் பணத்தைத் தருவான் என்று பார்த்தால், மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டார்கள். புதுப் பெட்டியிலிருந்து ஜாய்ஸ்டிக்கை மட்டும் கழற்றி என் பழைய பெட்டியில் ஈயம் வைத்து ஒட்டினார். கம்பி விட்டுப்போனது கேபிளில், ஜாய்ஸ்டிக்கில் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் பாட்டுக்கு வேலை பார்த்தார். நான் உட்கார்ந்திருக்கும்போதே, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்காமலே ஆன் செய்து "போங்க" என்றார். முன்னால் தள்ளினேன். நாற்காலி வலது பக்கம் சுழன்று கண்ணாடி அலமாரியில் இடித்தது. ஜாய்ஸ்டிக்கைக் கால்வட்டம் திருப்பிப் பொருத்தியிருக்கிறார் மனிதர்! எனக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது மனைவிதான் ரத்தத்தைப் பார்த்தாள். இதற்கு அவர்கள் சொன்னது, "ஸ்பீடைக் குறைச்சு ஓட்டியிருக்கணும்ணே."

திருப்பிப் பொருத்தித் தந்தார்கள். இப்போது கொஞ்சம் ஓடும், திடீரென்று 7 முறை மின்னி நிற்கும். 7 என்றால் ஜாய்ஸ்டிக் பெட்டியிலேயே கோளாறு. முன்னால் கேபிள் மட்டும்தான் போயிருந்தது. ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சீன அங்கிள் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் 100 ரிங்கிட் கூட ஆகியிருக்காதாம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். தவுக்கே (முதலாளி) வெளிநாடு போயிருக்கிறார். சப்ளையரிடம் கேட்டிருக்கிறோம். எலக்ட்ரிக் சாமானுக்கு வாரண்டி கிடையாது. பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது (திறந்தது யார்?). விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சுவரில் எழுதியிருக்கிறது, பார்க்கவில்லையா? கால்மிதியைச் சரிசெய்த அதே பையன், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். 850 ரிங்கிட்.

சுவரில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்த வேலைக்குப் பொருள் உதவ வேண்டும், அதைச் சுவர் எழுத்து ரத்து செய்யாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். மனுப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு விளக்கமாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இவ்வளவுதான் வருகிறது. பிளக் பொருந்துவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய பெட்டி, பவர் மாட்யூல் இரண்டின் அடியிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து, அதே எண் வேண்டும் என்று கேளுங்கள். விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக் கையேட்டோடு ஒத்துப்பாருங்கள். முதலில் கேபிளைச் சோதிக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சோதிக்காமல் ஏறி உட்காராதீர்கள். ஓடுவதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், பில்லில் மாடல் பெயரை எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் "வீல்சேர் பார்ட்ஸ் 850" என்று மட்டும்தான் இருக்கிறது.