பட்டுக்கூட்டை வைத்துப் பார்த்த இரண்டு ஸ்கேனர்கள்: சி.சி.டி.யா, சி.ஐ.எஸ்.ஸா?

தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால், நூல் எடுக்க உதவாத கூடுகள் நாலைந்து கிடைப்பது இங்கே கடினமில்லை. ஸ்கேனரைக் கேமராவாகக் கொண்டு கலைப்படங்கள் எடுக்கத் தொடங்கியபோது நான் முதலில் கண்ணாடிமேல் வைத்தது அப்படியொரு கூட்டைத்தான். அதே கூட்டை இரண்டு ஸ்கேனர்களில் எடுத்தேன். ஒன்றில் கூட்டின் உருட்சியும் அதைச் சுற்றிப் படர்ந்த பஞ்சிழைகளும் முழுமையாக விழுந்தன. மற்றதில் கண்ணாடியைத் தொட்டிருந்த சிறு வட்டம் மட்டும் கூர்மையாகத் தெரிய, எஞ்சியதெல்லாம் மங்கிக் கரைந்துவிட்டது.

கூர்மை குறையாதது சி.சி.டி. வகை, மங்கியது சி.ஐ.எஸ். வகை; ஒளியைப் பதிவு செய்யும் உணரி (சென்சார்) அமைந்த விதத்தைக் குறிக்கும் பெயர்கள் இவை. சி.சி.டி.யில் விளக்கொளி பட்ட பொருளின் பிம்பத்தை முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடிகள் மடித்துத் திருப்பி, ஒரு லென்ஸ் சுருக்கி, சிறிய உணரியின்மேல் வீழ்த்துகின்றன. ஒளி நீண்ட பாதை கடந்து வருவதால், தட்டுக்கு மேலே ஓரிரு செ.மீ. உயரம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கிறது. சி.ஐ.எஸ். வகையில் தாளின் அகலத்துக்கே உணரி வரிசை ஒன்று கண்ணாடிக்கு அடியில் ஒட்டினாற்போல நகர்கிறது. தெளிவின் ஆழம் ஏறக்குறைய ஒரு மி.மீ. அளவோடு நின்றுவிடும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 முதல் வகை. கேனான் லைட் 300, லைட் 400 ஆகியவை இரண்டாம் வகை.

டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) எண்ணைப் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண். வி600-க்கு 6400, லைட் 400-க்கு 4800 என்று குறித்திருந்தாலும், ஏ4 பரப்பை 600 டி.பி.ஐ.யில் எடுத்தாலே 4960 × 7016 புள்ளிகள், அதாவது சுமார் 3.5 கோடிப் புள்ளிகள் கிடைத்துவிடும். அது ஏ2 அளவில் 300 டி.பி.ஐ.யில் அச்சிடப் போதும்.

எனவே, எதைக் கண்ணாடிமேல் வைக்கப் போகிறோம் என்பதே முதற்கேள்வி. விரல் மடக்கியதுபோல் சுருண்டிருக்கும் கேழ்வரகுக் கதிர், இராயக்கோட்டைப் பக்கத்துச் சாமந்தி, ஓசூர் ரோஜா ஆகியவற்றுக்கு சி.சி.டி.யே பொருத்தம், மூடியைத் திறந்து வைத்து, அறையை இருட்டாக்கி எடுத்தால், இதழ்கள் கருமையிலிருந்து எழுந்து வருவதுபோல் இருக்கும். மாவிலையை அழுத்தித் தட்டையாக வைத்தால் சி.ஐ.எஸ். எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆழமின்மையைக் குறை என்று ஒதுக்கவும் நான் தயங்குகிறேன்: உள்ளங்கையை வைத்தால் ரேகைகள் மட்டும் கூர்மையாகி, விரல்களின் ஓரங்கள் பனிக்குள் மறைவதுபோல் வரும் அந்தப் படத்தை சி.சி.டி. தராது.

அசைவுகளில்தான் இவ்விரண்டும் உண்மையாகப் பிரிகின்றன. ஸ்கேனர் படத்தை வரி வரியாக எடுப்பதால், உணரி செல்லும் திசையிலேயே பொருளை நகர்த்தினால் அது நீளும், எதிர்த் திசையில் நகர்த்தினால் குறுகும், பக்கவாட்டில் ஆட்டினால் அலையாக நெளியும். சி.சி.டி.யில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கான மூன்று உணரி வரிசைகள் சற்றுத் தள்ளித் தள்ளி அமைந்திருக்கின்றன. பொருள் அசையாது என்று நம்பியே மென்பொருள் அவற்றைப் பின்னர் ஒன்றுசேர்க்கிறது. சேலை முந்தானையை ஸ்கேன் நடக்கும்போது இழுத்தால், அந்த நம்பிக்கை பொய்த்து, ஓரங்கள் மூன்று நிறங்களாகப் பிரிந்துவிடும். சி.ஐ.எஸ்.ஸில் மூன்று நிற எல்.இ.டி.க்கள் ஒவ்வொரு வரிக்கும் அடுத்தடுத்து மின்னி முடிவதால், நிறங்களுக்கிடையிலான காலவேறுபாடு ஒரு வரிக்குள் அடங்குகிறது. மெதுவான இழுப்பில் நெளிவு மட்டும் வரும், நிறம் பெரும்பாலும் சிதறாது.

வெளியொளியைக் கொண்டு வரைவதிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. நிலையாக எரியும் ஒரு சிவப்பு விளக்கைக் கண்ணாடிமேல் நகர்த்தினால் சி.சி.டி. சிவப்புக் கோட்டையே தரும். சி.ஐ.எஸ். உணரிக்கு நிறவடிகட்டி கிடையாது. தன் விளக்குகள் மின்னும் முறையைக் கொண்டே அது நிறத்தை அறிவதால், அதே சிவப்பு மூன்று நிறங்களிலும் சமமாகப் பதிந்து வெள்ளைக் கோடாகிவிடுகிறது. திருவிழாச் சீரியல் விளக்கின் சரத்தை வைத்து எடுக்க விரும்புவோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் மென்பொருளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

தூக்கிச் செல்ல சி.ஐ.எஸ்.ஸே வசதி. மடிக்கணினியின் யு.எஸ்.பி. மின்சாரமே அதற்குப் போதுமாதலால், கிருஷ்ணகிரி மாந்தோப்புக்கே கொண்டுபோய், உதிர்ந்த பூங்கொத்து வாடுமுன் எடுத்துவிடலாம். சி.சி.டி. கனமானது, தனி அடாப்டர் கேட்கும். பழைய மாடல்களுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்காமலும் போகலாம். அப்போது வியூஸ்கேன் மென்பொருளோ, லினக்ஸில் சேன் என்பதோ பெரும்பாலும் கைகொடுக்கும். எந்த வகையாயினும், ஈரமான பூவை வைக்குமுன் ஓ.எச்.பி. தாள் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை விரித்துக்கொள்ள வேண்டும், நீர் உள்ளிறங்கினால் கண்ணாடியின் அடிப்புறம் பனித்துவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் பழைய சி.சி.டி.யைத்தான் வாங்குவேன். பழைய பொருள் கடையில் எந்த வகை என்ற ஐயம் வந்தால், ஓர் அளவுகோலின் ஒரு முனையைத் தீப்பெட்டிமேல் உயர்த்தி, மறுமுனையைக் கண்ணாடியில் படியவைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். முதல் ஓரிரு செ.மீ.க்குள்ளேயே எண்கள் கலங்கிவிட்டால் அது சி.ஐ.எஸ்.; தீப்பெட்டி வரை எண்களைப் படிக்க முடிந்தால் அது சி.சி.டி.