ஹைட்ரேஷன் பேக் வாங்கப் போறீங்களா? ப்ளாடர் மூலையில இருக்குற முக்கோணத்த பாத்துட்டு காசு குடுங்க

பெங்களூர்ல எம்டிபி, அதாங்க மலைப்பாதை சைக்கிள் ஓட்டுற நம்மாளுங்களுக்குத்தான் இது. துரஹள்ளி பக்கம் காலையில ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வர லைட்டா ஒரு ஹைட்ரேஷன் பேக் (உள்ள ப்ளாடர்னு ஒரு தண்ணிப் பை இருக்கும், ட்யூப்ல உறிஞ்சிக் குடிக்கற முதுகுப் பை) வேணும்னு ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன், கடைக்காரரும் தமிழ்தான், "அண்ணா கண்ண மூடிட்டு எடுங்க, ரெண்டு லிட்டர், டிபியு ப்ளாடர், பிபிஏ ஃப்ரீ"ன்னு அடிச்சு விட்டார். டிபியுங்கிறது வளையுற ஒரு வகை பிளாஸ்டிக், பிபிஏங்கிறது பிளாஸ்டிக்ல வர்ற ஒரு கெமிக்கல். 2,800 ரூபா.

வீட்ல தண்ணி ஊத்துனா ஒன்றரை லிட்டர்லயே ரொம்பிடுச்சு. ரெண்டு லிட்டர்ங்கிறது ப்ளாடரோடது இல்ல, வெளிப் பையோட கொள்ளளவாம்! சரி, சின்ன ரைடுக்கு ஒன்றரையே போதும், முதுகுல அரை கிலோ மிச்சம்னு விட்டுருப்பேன். ஆனா ஒரு வாய் உறிஞ்சுனதும் புது ரெயின்கோட்ட நக்குன மாதிரி இருந்துச்சு. பேக்கிங் சோடா, எலுமிச்சம்பழம், ராத்திரி முழுக்க ஊற வெச்சதுன்னு எல்லாம் ஆச்சு, நாத்தம் போகல. ப்ளாடர லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தா கீழ் மூலையில குட்டியா முக்கோணம், உள்ள 3ன்னு நம்பர், என்ன வகை பிளாஸ்டிக்னு காட்டுற குறி. 3ன்னா பிவிசிங்க. டிபியு 7ல வரும். பிபிஏ ஃப்ரீன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கறதெல்லாம் சும்மா, பிபிஏ முக்கியமா கெட்டியான பாலிகார்பனேட் பாட்டில் சமாச்சாரம், வளையுற பிவிசில கவலப்பட வேண்டியது தாலேட்டுங்கிற வேற கெமிக்கல பத்தி, அத பத்தி அட்டையில மூச்சே இல்ல.

அதோட முடியல. பாறை மேல ரெண்டு குதி குதிச்சதும் முதுகெல்லாம் ஈரம், ட்யூப் சொருகுற இடத்துல வெல்டிங் விட்டுருக்கு. நெஞ்சு ஸ்ட்ராப்பும் கிடையாது, இறக்கத்துல பை மேல ஏறி ஹெல்மெட்ல இடிக்குது.

கடுப்புல டேக்க நோண்டுனா எம்ஆர்பி ஸ்டிக்கர் மேல இன்னொரு ஸ்டிக்கர்! அடியில இருந்தது 1,499. இம்போர்ட்டர் பேர், அட்ரஸ் ரெண்டும் சரியா மேல் ஸ்டிக்கர்ல மறைஞ்சிருக்கு, என்ன ஒரு கைவேலை பாருங்க.

திருப்பிக் குடுக்கப் போனா நேத்து வரைக்கும் அண்ணான்னவர் இப்ப சார்ங்கிறார். "சார், வாய் வெச்சுட்டீங்க, ஹைஜீன் ஐட்டம், ரிட்டர்ன் இல்ல, பில்லுலயே போட்டிருக்கு." வாய் வெக்காம எப்படிங்க தெரியும் நாறுதுன்னு? 2019 நுகர்வோர் சட்டப்படி பில்லுல நாள் கணக்கு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள டிஃபெக்ட் பொருள திருப்பி எடுத்துக் காசு குடுக்கணும், மறுத்தா அது முறையற்ற வணிகம். இத சொன்னதும் "எங்க வேணா போங்க"ன்னுட்டார்.

போயிட்டேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு, ரெண்டு ஸ்டிக்கர், அந்த முக்கோணம், பில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். கடை பேர் கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, கேஸ் முடியிற வரைக்கும் சொல்ல மாட்டேன். இதே மாதிரி டபுள் ஸ்டிக்கர் உங்க பேக்லயும் இருந்தா பிச்சு எறியாம போட்டோ எடுத்து வைங்க.