பழைய வீட்டை ஒட்டி ஓர் அறை: சுவர்மேல் தளமா, பில்லரா?

வீட்டின் பக்கவாட்டில் தரையிலிருந்து ஓர் அறை எழுப்ப வேண்டுமென்றால் இரண்டு வழிகள். கருங்கல் கடைக்கால் போட்டு, செங்கல் சுவரின் மேலேயே தளம் போடலாம். அல்லது பில்லர் நிறுத்திக் கட்டலாம். இப்போது எல்லோரும் யோசிக்காமல் பில்லர் பக்கம் சாய்கிறார்கள். எல்லா இடத்துக்கும் அது தேவையே இல்லை.

மண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கெட்டியான செம்மண்ணோ சரளையோ இருந்து, மாடி எழுப்பும் எண்ணமும் இல்லையென்றால் 9 இஞ்ச் சுவரே போதும். கம்பியும், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை, முட்டு) செலவும் நன்றாகக் குறையும். மேற்கு வெயிலுக்கும் அந்தத் தடிமன் நல்லது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் அப்படிக் கட்டக் கூடாது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் மண் அது. ஆழமில்லாத கடைக்காலும் அதோடு ஏறி இறங்கும், சுவர் விரிசல் விடும். அங்கே பில்லரை ஆழமாக இறக்கி, பேஸ்மட்டத்தில் பெல்ட் (சுற்றிலும் ஓடும் கான்கிரீட் கட்டு) போட்டுப் பிணைப்பதுதான் சரி. பின்னால் மாடி வேண்டுமென்றாலும் பில்லரே வசதி. சுவர் தாங்கும் கட்டடத்தில் கீழே சுவர் உள்ள இடத்தில்தான் மேலேயும் சுவர் எழுப்ப முடியும்.

பில்லர் வைத்தால் உள்ளே இடமும் கூடும். வெளி அளவு 10க்கு 12 அடி என்றால், 9 இஞ்ச் சுவரில் உள்ளே சுமார் 89 சதுர அடி. பில்லர்களுக்கு நடுவே நாலரை இஞ்ச் சுவர் வைத்தால் 104. மூலைகளில் பில்லர் கொஞ்சம் துருத்தும், அவ்வளவுதான்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை பழைய சுவரோரம்தான். முதலில் அங்கே ஒரு குழி வெட்டி, பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அதைவிட ஆழமாக நீளத்துக்கும் வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்டினால் அதன் அடிமண் சரியும். கல் கடைக்கால் என்றால் துண்டு துண்டாகத் தோண்டி, ஒரு துண்டைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பில்லருக்குக் குழி சில இடங்களில் மட்டும்தான். ஆனால் அதன் அடித்தளம் நாலு பக்கமும் விரிய இடம் வேண்டும். பழைய கடைக்கால் குறுக்கே நிற்கும். அதனால் பில்லரை உள்ளே தள்ளி நிறுத்தி, பீமை (பில்லர்மேல் கிடையாக ஓடும் கான்கிரீட் உத்தரத்தை) பழைய சுவர்ப் பக்கமாக வெளியே நீட்டுவார்கள். இதற்குப் பொறியாளரின் வரைபடம் கட்டாயம் வேண்டும்.

ஒரு சுவர் மிச்சமாகிறதே என்று பழைய சுவரைக் கொத்தித் தளத்தைச் செருகுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய வீடு இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றுவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் வரும், அதன் வழியாக மழைநீரும் வரும். எந்த முறையில் கட்டினாலும் நடுவில் ஓர் இஞ்ச் இடைவெளி விட்டு, தெர்மகோல் வைத்து, மேலே தண்ணீர் இறங்காமல் தகடு போட்டு மூடுங்கள்.

அப்புறம் வாசல். பழைய வீடு பில்லர் வீடென்றால் நடுச்சுவரை உடைப்பது எளிது, பீமைத் தொடாமல் இருந்தால் சரி. சுவர் தாங்கும் வீடென்றால் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, லிண்டலை (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரத்தை) ஏற்றி, அது இறுகிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும்.