நானே செய்த பாம்புக் கொக்கி: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பாம்பு மீட்புக்குப் போகும்போது நான் எடுத்துப்போவது வீட்டில் செய்த கொக்கிதான். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அலுமினியக் குழாய், 8 மி.மீ. எவர்சில்வர் கம்பி, சைக்கிள் ஹேண்டில் கிரிப், இரண்டு போல்ட். எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

கம்பியை வளைக்கிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. மூலை விழுந்தால் பாம்பின் உடம்பு அங்கே அழுந்தும். அகன்ற வளைவாக, நுனி லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வெட்டிய முனையை அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கும் பிசிறு தட்டக் கூடாது, ஏனென்றால் வயிற்றுச் செதில் அதில்தான் உரசப் போகிறது. குழாய்க்குள் கம்பியை நிறுத்த எபாக்சி பசை மட்டும் போதாது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டினால் தலை ஆட ஆரம்பிக்கும், குறுக்கே துளை போட்டு போல்ட் முடுக்கிய பிறகு இன்றுவரை அசையவில்லை.

கண்ணாடி விரியனுக்கு இது அருமையான கருவி. குக்கர் மாதிரி சீறிக்கொண்டே இருந்தாலும் அந்தத் தடித்த உடம்பு கொக்கியில் அப்படியே தொங்கும். சாரை நேர் எதிர், ஒரு நொடி தங்காது. சுருட்டை விரியனுக்குச் சின்னக் கொக்கி தனியாக வேண்டும். நல்ல பாம்பையும் கட்டு விரியனையும் நான் இதில் தூக்குவதே இல்லை. பையில் செருகிய பிவிசி குழாய்ப் பக்கம் திருப்பிவிட மட்டும்தான். இருட்டுப் பொந்து தெரிந்தால் பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்விடும்.

கழுத்தை அழுத்த மட்டும் இதை எடுக்காதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கினால் வெளியே தெரியாது, காட்டில் விட்ட பிறகு எங்கேயோ போய்ச் சாகும். அப்புறம், கொக்கி இருக்கிறதே என்று வீட்டுக்குள் வந்த பாம்பிடம் நீங்களே போகவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; வனத்துறையைக் கூப்பிடுங்கள், பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாம்பின் தொற்று அடுத்ததற்குப் போகாமலிருக்க ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்கிறேன். கிரிப்தான் மழையில் வழுக்கியது, இப்போது டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றியிருக்கிறேன், கை நன்றாக நிற்கிறது.