ஹேவ்லாக்கில் டைவிங் போகிறீர்களா? படகில் ஏறும் முன் அவசர ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்

போன ஜனவரியில் அந்தமான் ஹேவ்லாக்கில் எனக்கு நடந்தது இது. டைவிங் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அங்கே போகிற யாருக்கும் இது நடக்கக் கூடாது.

முதல் டைவ் டிக்சன்ஸ் பினாக்கிள் என்கிற இடத்தில், 28 மீட்டர் ஆழம். ஒரு மணி நேரம் கழித்து இன்னோர் இடத்தில் 18 மீட்டர். மேலே வந்து சூட்டைக் கழற்றும்போதே இடது தோளில் வலி. அமுக்கிப் பார்த்தால் எந்த இடம் என்று பிடிபடாத, எலும்புக்குள்ளிருந்து வருகிற வலி. அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போய், தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை.

"டேங்க் தூக்கினதுல சதை பிடிச்சிருக்கும். உங்க கம்ப்யூட்டர்ல ஒரு எச்சரிக்கையும் வரலையே" என்றார் பயிற்சியாளர். கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். கணக்கு மீறாதவர்களுக்கும் மேலே வரும்போது ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகலாம். இதுதான் டிகம்ப்ரஷன் நோய். டைவ் முடிந்த பிறகு மூட்டுவலியோ மரத்துப்போதலோ வந்தால், அது இல்லை என்று உறுதியாகும்வரை அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். மூச்சில் நைட்ரஜனே போகாதபோது உள்ளே இருப்பது சீக்கிரம் வெளியேறும்.

நானே கேட்டு வாங்கினேன். லைஃப் ஜாக்கெட் குவியலுக்கு அடியிலிருந்து சிலிண்டர் வந்தது. திறக்கிற சாவி இல்லை. ஸ்பேனர் தேடியதில் பத்து நிமிடம் போனது. திறந்தால் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. மாஸ்க்கும் ஆக்சிஜன் தேங்கும் பை இல்லாத சாதா மாஸ்க். அதில் பாதி வெளிக்காற்றுதான் வரும். அந்த ஆக்சிஜனும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிட்டது. படகில் வேலை செய்த தமிழ்ப் பையன் பக்கத்தில் வந்து, "அண்ணா, இது போன மாசமே கிட்டத்தட்ட காலி. சொல்லியும் மாத்தல" என்றான்.

அப்புறம் பயிற்சியாளர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம்: "பத்து மீட்டர்ல கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க, வலி போயிடும்." தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். சாதாரணக் காற்றோடு திரும்ப இறங்கினால் இன்னும் நைட்ரஜன்தான் ஏறும். தண்ணீருக்குள் கைகால் செயலிழந்தால் யார் தூக்குவது?

கரைக்கு வந்து, தீவின் ஆஸ்பத்திரியில்தான் சரியான ஆக்சிஜன் கிடைத்தது. பிறகு ஃபெரியில் போர்ட் பிளேர். அங்கே கடற்படையின் சேம்பரில், அதாவது அழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தருகிற அறையில், 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். டாக்டர் முதலில் கேட்டது: "ஆக்சிஜன் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாங்க?"

நீங்கள் போனால், பணம் கட்டும் முன் ஆக்சிஜன் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் திறந்து மீட்டரைக் காட்டட்டும். பை வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால்தான் அந்தப் பை சுருங்காமல் நிற்கும். கையில் தூக்குகிற ஏ டைப் சிலிண்டர் நிறைந்திருந்தாலே சுமார் 750 லிட்டர், அதாவது 50 நிமிடம். போர்ட் பிளேர் அரசு ஃபெரிக்கோ இரண்டரை மணி நேரம் ஆகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வலி குறைந்துவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றவும் கூடாது, விமானம் ஏறவும் கூடாது.

கடைக்காரரிடம் போன் செய்து கேட்டேன். "நீங்க ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்" என்று வைத்துவிட்டார். தோள் சரியாகிவிட்டது. சுண்டுவிரல் நுனி மட்டும் இன்னும் மரத்தேதான் இருக்கிறது.