வீட்டுக்கே வந்து கணினியைச் சரிசெய்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கை

வீட்டுக் கணினி தானாக அணைந்து அணைந்து எழுகிறது, விண்டோஸ் திறப்பதே இல்லை என்று இணையத்தில் தேடி, 'வீட்டுக்கே வந்து பழுது நீக்கித் தருகிறோம்' என்ற விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அழைக்க நினைப்பவர்கள், அழைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஏறக்குறைய 2,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பழுதுக்கு 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நல்ல நிலையில் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு ரேம் நினைவகத் தகட்டையும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். உண்மையான பழுதை மட்டும் தொடவே இல்லை.

2018-இல் பாகங்களாக வாங்கிப் பொருத்திய மேசைக் கணினி அது. 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) என்று அன்றைய பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிற்பாடு எங்களுக்குக் கைகொடுத்ததும் அந்தப் பில்தான். சென்ற கோடையில் கணினி தொல்லை கொடுக்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், மதர்போர்டு (பாகங்கள் அனைத்தும் இணையும் முதன்மைப் பலகை) நிறுவனத்தின் சின்னம் தோன்றும், அதன் கீழே புள்ளிகள் சில சுற்றுச் சுற்றும், பிறகு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை கறுத்து, மீண்டும் முதலிலிருந்து அதே சின்னம் வரும். சில வேளைகளில் முகப்புத் திரை வரை போய் நிற்கும். ஏதாவது ஒரு நிரலைத் திறந்த உடனே மறுபடியும் அணைந்து எழும். அப்பாவின் ஓய்வூதியக் கோப்புகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், குடும்பத்தார் அனைவருடைய ஆதார் நகல்கள், மகளின் பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

தேடலில் முதலில் வந்த எண்ணை அழைத்தேன். வந்து பார்ப்பதற்கு 350 ரூபாய் என்றார்கள். வந்த இளைஞர் கையில் ஒரு பென் டிரைவும் ஒரு திருப்புளியும் மட்டுமே இருந்தன; மின்னழுத்தம் பார்க்கும் மல்டிமீட்டர் இல்லை. கேபினெட்டைத் திறக்காமலே, "சார், விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்றார். உள்ளே முக்கியமான கோப்புகள் இருக்கின்றன என்று நான் தடுத்ததும், பென் டிரைவிலிருந்து ரிப்பேர் செய்து பார்க்கிறேன் என்று அதைச் செருகினார். பென் டிரைவிலிருந்து திரை வந்து, மொழியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே கணினி மீண்டும் அணைந்து எழுந்தது. உடனே அவர் பேச்சை மாற்றி, "மதர்போர்டு கம்ப்ளெய்ன்ட் சார், கடைக்கு எடுத்துட்டுப் போய் மிஷின்ல வெச்சுத்தான் பாக்கணும்" என்றார். ரசீது கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு, கேபினெட்டை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்தது 'ஒரு சி.பி.யு பெறப்பட்டது' என்ற ஒற்றை வரி.

இந்த இடத்தில் சற்று நின்று, அவர் முதலில் சொன்ன காரணம் ஏன் பொருந்தாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே காரணத்தைத்தான் பலரிடமும் சொல்கிறார்கள். விண்டோஸ் என்பது ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி-யிலோ இருப்பது. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கும்போது அந்த விண்டோஸ் ஓடுவதே இல்லை. அப்போதும் கணினி அணைந்து எழுகிறது என்றால், விண்டோஸின் மேல் பழி போட இடமில்லை. பென் டிரைவ்கூட வேண்டியதில்லை. கணினியை இயக்கியவுடன் டெலிட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை, அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை வரும். அதைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அந்தத் திரையில் இருக்கும்போதே கணினி தானாக அணைந்து எழுந்தால், பழுது மின்சாரம், ரேம், வெப்பம், மதர்போர்டு, பொத்தான் ஆகியவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. ஃபார்மட் செய்வதால் அது தீரப்போவதில்லை. பயாஸில் நிலையாக நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் அணைகிறது என்றால்தான் விண்டோஸ், பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்கள், டிஸ்க் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அப்போதும் எஸ்.எம்.பி.எஸ்-ஐ முழுதாக விடுவித்துவிட முடியாது. பயாஸில் இருக்கும்போது கணினிக்குச் சுமை குறைவு என்பதால் நலிந்த எஸ்.எம்.பி.எஸ்கூடத் தாக்குப்பிடித்துவிடும்.

மறுநாள் தொலைபேசியில் பேசியவர் வேறொருவர். மதர்போர்டில் ஐ.சி. (சில்லு) மாற்றி சர்வீஸ் செய்தாகிவிட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்க் முழுக்க பேட் செக்டார் (படிக்க முடியாமல் கெட்டுப்போன பகுதிகள்), தரவுகளை மீட்க வழியில்லை, புதிய டிஸ்க் போட்டுத்தான் தர முடியும் என்றார். பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருமாறு கேட்டதற்கு, அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்று பதில் வந்தது. நம் வீட்டுப் பொருளை நம்மைக் கேட்காமலே எக்ஸ்சேஞ்சில் விடும் உரிமையை யார் கொடுத்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. பணம் செலுத்தினால்தான் கணினி வீடு வந்துசேரும் என்ற நிலையில், யு.பி.ஐ வழியாக 9,400 ரூபாய் அனுப்பினேன். திரையில் தெரிந்த பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லை. யாரோ ஒரு தனிநபரின் பெயராக இருந்தது. பில் என்று வந்த தாளில் முகவரியும் இல்லை, ஜி.எஸ்.டி எண்ணும் இல்லை.

திரும்பி வந்த கணினி சில நாட்கள் ஓடியது. பிறகு அதே சின்னம், அதே புள்ளிகள், அதே அணைதல். அவர்களை அழைத்தால், 'இது வேற கம்ப்ளெய்ன்ட், மறுபடியும் விசிட் சார்ஜ் ஆகும்' என்றார்கள்.

எங்கள் தெருவில், பாலிடெக்னிக் ஒன்றின் மின்னணு ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, முதலில் எதையும் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்தார். "மதர்போர்டக் கழட்டவே இல்லப்பா" என்றார். பலகையைக் கேபினெட்டோடு பிணைக்கும் திருகாணிகளின் தலையில் ஏழாண்டுத் தூசி கலையாமல் படிந்திருந்தது. ஐ.சி. மாற்ற வேண்டுமென்றால் பலகையை வெளியே எடுக்காமல் முடியாது. பலகையை எடுக்க வேண்டுமென்றால் அந்தத் திருகாணிகளைத் தொடாமல் முடியாது. ரேம் பொருத்தும் இடத்தில் இரண்டில் ஒன்று காலியாக இருந்தது. விண்டோஸ் ஏறிய இடைவெளியில் டாஸ்க் மேனேஜரில் பார்த்தபோது நினைவகம் 4 ஜிபி என்றே காட்டியது.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து வரும் நான்கு கம்பி இணைப்பியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் தரை (கிரவுண்ட்). 12 வோல்ட்டுக்கு ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. எங்கள் கணினியில் தொடங்கும்போது 11.3 காட்டிய எண், விண்டோஸ் ஏறத் தொடங்கியதும் 10.8-க்கு இறங்கியது, திரை கறுத்தது. எஸ்.எம்.பி.எஸ்-இன் விசிறிச் சல்லடை வழியே பார்த்தால், உள்ளே இருந்த மின்தேக்கிகளில் இரண்டின் தலை தட்டையாக இல்லாமல் அப்பம் போல் உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தது. வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்தார். கணினி நின்று ஓடியது. மொத்தப் பழுதும் அதுதான். புதிய எஸ்.எம்.பி.எஸ் வாங்க 2,100 ரூபாய் ஆயிற்று.

அதோடு முடியவில்லை. 'புதிது' என்று போட்டுக் கொடுத்த டிஸ்க்கைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்பதைத் தனக்குள்ளேயே எண்ணி வைத்துக்கொள்ளும். அந்தப் புதிய டிஸ்க் 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. இரவு பகலாக ஓடினாலே இரண்டாண்டுக்கு மேலாகும் கணக்கு அது. யாருடைய கணினியிலிருந்தோ கழற்றியதை எங்களுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், எங்களுடையது இப்போது யாருடைய கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் என்று யோசித்த பிறகுதான் உண்மையான கவலை தொடங்கியது. அன்று மாலையே வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களையும், மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். ஆதாரின் பயோமெட்ரிக் பூட்டையும் போட்டுவைத்தோம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது, பணத்தைப் பற்றி எழுதியதைவிட, ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியதற்குத்தான் மதிப்பு இருந்தது. 2018-இன் பில், வாட்ஸ்அப் வரி, யு.பி.ஐ விவரம் ஆகியவற்றை இணைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது பெற்றேன். நிலையத்திலிருந்து அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு போனது. அதற்குப் பிறகு 'எக்ஸ்சேஞ்சில் போன' டிஸ்க், பால் கவர் ஒன்றில் சுற்றப்பட்டு வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்தது. முழுக்க பேட் செக்டார் என்று சொல்லப்பட்ட அந்த டிஸ்க்கை யு.எஸ்.பி இணைப்பியில் மாட்டினோம். ஒரு கோப்புகூடக் குறையவில்லை. ரேமும் பணமும் வரவில்லை.

நீங்களே செய்து பார்க்கக் கூடியவை சில உள்ளன. யு.பி.எஸ் வழியாக ஓடும் கணினியென்றால், அதைத் தவிர்த்து நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி செத்த யு.பி.எஸ், மின்னழுத்தம் சற்றே தாழும்போதெல்லாம் கணினியை அணைத்து எழுப்பும். ரேம் இரண்டு இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒன்றை மட்டும் மாட்டி ஓட்டுங்கள், பிறகு மற்றதை. ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டியதிலேயே சரியான கணினிகள் ஏராளம். முகப்பில் இருக்கும் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தாலும் இதே தொல்லை வரும். கணினி எழுந்ததும் மதர்போர்டிலிருந்து அந்தப் பொத்தானின் கம்பியைக் கழற்றிவிட்டால் தெரிந்துவிடும். விண்டோஸ் பிழையைச் சொல்லும் நீலத்திரையைக் காட்டிவிட்டுத் தானாக மீண்டும் தொடங்குவதும் உண்டு. ஏறும்போது அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அணைத்தால் வரும் மீட்புத் திரையில், தொடக்க அமைப்புகளுக்குள் சென்று 9-ஆம் தேர்வை அழுத்தினால் நீலத்திரை அப்படியே நிற்கும், பிழைக் குறியீட்டைப் படமெடுத்துக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்னோட்டமாகத் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

ஆள் வரவழைத்தே ஆக வேண்டுமென்றால், வேறொரு எஸ்.எம்.பி.எஸ்-ஐக் கொண்டுவந்து நம் கண்ணெதிரே மாட்டிக் காட்டும்படி தொலைபேசியிலேயே கேளுங்கள். இந்தப் பழுதுக்கு அதுதான் முதல் சோதனை, பத்து நிமிட வேலை. அதற்கு மறுப்பவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். கணினியை வெளியே கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ், ரேம், மதர்போர்டு எதையும் சோதிக்க நம் டிஸ்க் தேவையில்லை. மற்ற பாகங்களின் வரிசை எண் தெரியும்படி வந்தவர் முன்னிலையிலேயே படமெடுத்து, அந்தப் படங்களை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மாற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இணைய வரைபடத்தில் அந்த நிறுவனத்தார் தங்கள் கடை என்று குறித்திருந்த இடத்துக்கு நேரில் போனபோது அங்கே இருந்தது ஜவுளிக் கிடங்கு. இப்போது அந்த நிறுவனப் பெயர் தேடலில் வருவதில்லை. ஆனால் அதே கடைப் படங்களோடு, வேறு பெயரில், வேறு எண்ணில் ஒரு விளம்பரம் வருகிறது.

பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யும் வேலையில் இருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவே பதிவு செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேச முடிகிறது. எதிர்த்தரப்பின் முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இப்போதைய சிக்கல். காவல் நிலையப் புகாரில் பதிவான, யு.பி.ஐ பெயருக்குரியவரின் முகவரியைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டிருக்கிறேன். இதே படங்களைக் கொண்ட விளம்பரத்தை நம்பி மதுரையில் வேறு யாரேனும் கணினியைக் கொடுத்திருந்தால், கையில் இருக்கும் டிஸ்க்கின் மணிக் கணக்கை முதலில் பார்த்துவிட்டு, பில்லோடு காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.